பாலமலைச் செங்காந்தளும் கை சும்மா இருக்காத மாப்பிள்ளையும்

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு எல்லா நாளும் ஞாயிறுதான் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அதனால் மாமன் மகன் கதிரைப் பொண்ணு பார்க்கக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. பொண்ணு இருந்தது வீட்டில் இல்லை, மலையில். நித்யா தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறவர். ஜாதகம் பொருந்தியும், "பாலமலையில காட்டுச் செங்காந்தள் பூத்திருக்குங்க. அங்க வந்து பேசுங்க, அப்பறம் முடிவு சொல்றேன்" என்றுவிட்டார். தோட்டத்துக்காரன் வேண்டாம் என்று இதுவரை பார்த்த இடமெல்லாம் கைவிட்டுப் போயிருந்தது. கதிருக்கு முப்பத்து மூன்று. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான்.

காலை ஐந்தரைக்குத் தாராபுரத்தில் பைக்கை எடுத்தோம். பல்லடம், கோவை வழியாகப் பெரியநாயக்கன்பாளையம் சுமார் நூறு கிலோமீட்டர். போக வர பெட்ரோல் ஐந்நூறு ரூபாய். "நம்ம தோட்டத்துலயே மூணு ஏக்கர் நிக்குது. அதையே பாக்க எதுக்குடா மலைக்குப் போகோணும்?" என்று வழி நெடுகப் புலம்பினான். எங்கள் பக்கம் செங்காந்தளின் பெயர் கண்வலிக்கிழங்கு. கம்பியில் ஏற்றி, சொட்டுநீர் விட்டு வளர்க்கிறோம். விதை மருந்துக்குப் போகும். காலையில் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். அதில் கதிரின் வேகம் யாருக்கும் வராது.

அடிவாரத்தில் டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். "பொழுதோட எறங்கிருங்க கண்ணு, ஆனை வரும்" என்றார் கடைக்காரர்.

"ஒத்த ஆனைங்களா?"

"ஒத்தையோ ரெட்டையோ, உங்களுக்கு நின்னு எண்ணிக்காட்டுமாக்கும்?"

மேலே ஏழு கிலோமீட்டர் ஏற்றம். முன்பே வந்து காத்திருந்த நித்யா ரோட்டோரப் புதரில் காட்டிய பிறகுதான் பூ கண்ணில் பட்டது. பாறை இடுக்கு, மக்கின இலை, முள்ளுச்செடி. இதுதான் அதன் வீடு. வெயில் காலம் முழுக்கக் கிழங்காக மண்ணுக்குள் கிடந்து, மழைக்கு எழுந்து, இலை நுனியையே கம்பியாகச் சுருட்டி முள்ளைப் பிடித்து ஏறுகிறது. இதழ் முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் முழுச் சிவப்பு. தோட்டத்தில் ஆயிரம் பூவைப் பார்த்த நான் இங்கே ஒன்றைப் பார்க்க வாய் பிளந்து நின்றேன்.

நித்யா இன்னொரு செடியைப் பார்க்க மேலே ஏறினார். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவரிடம் கதிர் பெருமையாகக் கையைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "நூல் கட்டியிருந்த பூவெல்லாம் முடிச்சுட்டனுங்க!"

"என்னத்தைங்க முடிச்சீங்க?"

"மகரந்தந்தானுங்க. ஒண்ணு உடாம தொட்டு வெச்சுட்டேன்."

நித்யா பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். "யாருந் தொடக்கூடாதுன்னுதான் நூல் கட்டுனேன். பட்டாம்பூச்சி வந்து எத்தனை காய் புடிக்குதுன்னு பாக்கறதுதானுங்க என்ற ஆராய்ச்சியே."

"பட்டாம்பூச்சிய நம்பியா உட்டிருந்தீங்க? அதுக்கென்ன, கூலியா கொடுக்கறீங்க, சொன்ன நேரத்துக்கு வர?"

இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போனது என்று நான் பைக் சாவியை எடுத்தேன். நித்யா கோபத்திலா சிரிப்பிலா என்று தெரியாத குரலில், "இனிப் புது மொட்டுலதான் கணக்கு. அது விரிஞ்சு காய் புடிக்கற வரைக்கும் வாரா வாரம் வந்து காவல் நில்லுங்க. கை பாக்கெட்டுல இருக்கோணும்" என்றார்.

போகிறவர்களுக்கு: புரட்டாசி, ஐப்பசி நல்லது. காலையில் போய் மூன்று மணிக்குள் இறங்குங்கள். மேலே சாப்பாட்டை நம்பாதீர்கள். பூவைப் பறிக்காதீர்கள், கிழங்கைத் தோண்டாதீர்கள். செடி முழுக்க விஷம். உதவி செய்யும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அங்கே நம் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை.

மூன்றாவது ஞாயிறு கதிர் போன் போட்டுக் கத்தினான்: "மாப்ள, வந்துருச்சுடா! கறுப்புப் பட்டாம்பூச்சி! றெக்கையிலயே மகரந்தத்த அப்பிட்டுப் போகுது!"

போனை நித்யா பிடுங்கினார். "தம்பி, சத்தம் போட்டே அதைய ஓட்டிப்போட்டாருங்க உங்க மச்சான். ஊட்டுல சொல்லீருங்க, எனக்குச் சம்மதம். ஆனா கல்யாணம் காய் முத்துன பொறகுதான். அது வரைக்கும் இவரு பாக்கெட்டுல இருந்து கைய எடுக்கப்படாது."