எவர்சில்வரைப் பார்க்கத் தெரியாத ரோபோ

சான் ஹோசேயில் நாங்கள் வழக்கமாகப் போகும் தோசைக் கடையில் இப்போது ரோபோதான் பரிமாறுகிறது. அடுக்கடுக்காகத் தட்டுகள், மேலே ஒரு திரை, அதில் சிமிட்டும் இரண்டு கண்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘தேங்க் யூ’ சொல்கிறார்கள். நம்மவர்கள் அதனிடம் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் என் காலி எவர்சில்வர் டம்ளரை அது வரும் வழியில், தரையில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். “அப்பா, நோ! நாட் அகெய்ன்!” என்று என் மகள் யாழினி தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. எல்லாமே அவமானமாகத் தெரியும் வயது.

இந்தக் கிறுக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. அவள் பிறப்பதற்கு முன்பு, கிழக்குக் கரையில் பார்சிப்பனி என்ற ஊரில் வங்கி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, இங்கே ஃப்ரீவேயை ஒட்டியிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பணக்காரர் ஒருவர் தன் சொந்தக் காசில் நடத்திய இடம். வீட்டில் மனிதருக்குக் கூடமாட உதவும் ரோபோவைச் செய்வது நோக்கம். செய்த ரோபோக்களைப் பல்கலைக்கழகங்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். எழுதிய நிரல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்தார்கள். புது யோசனையோடு யாராவது தனி கம்பெனி தொடங்கப் போனால், மேசையும் நாற்காலியும் கொடுத்து அங்கேயே உட்காரவைத்து வளர்த்தும் விட்டார்கள். நம் ஊரில் மாமியார்கூட ரசத்தின் பக்குவத்தை முழுதாகச் சொல்லித்தர மாட்டார். எனக்கு அந்த இடம் முதலில் நம்பவே முடியாததாக இருந்தது.

அதைவிட வினோதம் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு. அந்த வாரம் எது சொதப்பியதோ, அதை எல்லோர் முன்னாலும் செய்துகாட்ட வேண்டும். கதவைத் திறக்கப் போய்க் கைப்பிடியைப் பிடுங்கிய ரோபோ, துண்டு மடிக்கப் போய்த் தன் கையையே சுற்றிக்கொண்ட ரோபோ. சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன். ஆனால் என் சொதப்பலை ஒருநாளும் காட்டியதில்லை. தப்பைக் கொண்டாடுவது குடியுரிமை உள்ளவர்களுக்குச் சரி. என் விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் சில வாரங்களில் பெட்டியைக் கட்ட வேண்டும்.

மேசைமேல் இருக்கும் பொருட்களை ரோபோவுக்குக் கண்டறியச் சொல்லித்தருவது என் பொறுப்பு. பீங்கான் கோப்பை, காகிதக் கோப்பை, பாட்டில் எல்லாவற்றையும் அது சரியாக எடுத்தது. ஒருநாள் நான் காபி குடித்து வைத்த டம்ளரை மட்டும் ஏதோ காற்றைத் தள்ளுவதுபோலத் தட்டிவிட்டுப் போனது. பளபளக்கும் எஃகில் பொருளைப் பார்க்க அது அனுப்பும் ஒளிக்கதிர் பட்டுத் திசைமாறிப் போய்விடுகிறது, அதனால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறது. அது என் டம்ளர். நான் ஹாஸ்டலுக்குப் போனபோது காணாமல் போகாமலிருக்க, அம்மா பாத்திரக் கடையில் ‘க. முருகேசன், கோவில்பட்டி’ என்று பெயர் வெட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து ரோபோ வரும்போதெல்லாம் டம்ளரை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். டம்ளரை ஒளித்துவிட்டால் தப்பும் ஒளிந்துவிடும் என்று நினைத்த புத்திசாலி நான்.

பிறகு ஓர் அறிவிப்பு வந்தது. முதியோர் இல்லம் ஒன்றின் சாப்பாட்டு அறையில் ரோபோவை விட்டுப் பார்க்கப் போகிறார்களாம். அங்கே வெந்நீர், காபி எல்லாம் எஃகுக் குவளைகளில்தான். அன்று மாலை என் மனைவி கல்யாணியிடம் உண்மையைச் சொன்னேன்.

“ஏங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு? யாராவது வயசானவங்க மேல கொதிக்கிற காபி கொட்டினா நாம நிம்மதியா இருப்பமா? போய்ச் சொல்லிடுங்க.”

“வேலை போச்சுன்னா?”

“வேற அப்ளை பண்ணலாம். இல்லேன்னா ஊருக்குப் போலாம். கோவில்பட்டி என்ன, ஓடியா போச்சு?”

வெள்ளிக்கிழமை வந்தது. காரில் ஓர் அட்டைப்பெட்டியையும் எடுத்துவைத்துக்கொண்டுதான் போனேன், மேசையைக் காலி செய்ய உதவுமே என்று. எல்லோர் முன்னாலும் டம்ளரை வைத்தேன். ரோபோ வந்தது, கையை நீட்டியது, டம்ளர் உருண்டு தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாலு மாதமாக இது எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

எங்கள் இயக்குநர் கேரன் எழுந்து வந்து டம்ளரைக் கையில் எடுத்தார். “திஸ் இஸ் பியூட்டிஃபுல்” என்றார். டம்ளரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “ப்ளீஸ் டேக் இட். வீட்டில் இன்னும் ஒரு டஜன் இருக்கிறது” என்றேன். அவர் பாராட்டியது என் சொதப்பலையாம். அறையே சிரித்தது. அவர் சிரித்து முடித்து, “அடுத்த முறை நாலு மாதம் காத்திருக்காதே” என்று மட்டும் சொன்னார். முதியோர் இல்லத்துச் சோதனையைத் தள்ளிவைத்தார். என்னை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அந்தக் காலி அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டம்ளர் அங்கேயே தங்கியது. அதைப் பல கோணங்களில் படம் பிடித்து, எஃகைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் எழுதி, வழக்கம்போல எல்லோருக்கும் திறந்துவிட்டோம். சில ஆண்டுகளில் பணம் போட்டவரின் மனம் வேறு பக்கம் போயிற்று. ஆய்வுக்கூடம் கலைந்தது. ஆனால் அது வளர்த்துவிட்ட சின்னச் சின்னக் கம்பெனிகளில் ஒன்று என்னையும் என் விசாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ஒரு நிறுவனம் சாகும்போதுகூட நாலு பேருக்கு வழி காட்டிவிட்டுச் சாக முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன். கடைசி நாளில் டம்ளரை நீட்டிய கேரனிடம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

போன வாரமும் தோசைக் கடையில் டம்ளரைத் தரையில் வைத்தேன். ரோபோ நெருங்கி வந்தது, நின்றது, சுற்றிக்கொண்டு போனது. “டிட் யூ மேக் தட்?” என்று முதன்முறையாகக் கேட்டாள் யாழினி. “இல்லம்மா. இதுக்கு டம்ளரைக் காட்டிக் குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்னு வச்சுக்கோ” என்றேன்.

அவள் விடவில்லை. வழியெல்லாம் கேட்டுக் கேட்டு முழுக் கதையையும் வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய படங்களை இணையத்தில் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். கோவில்பட்டியில் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எப்போதோ நீக்கிவிட்டார்கள். இங்கே கிரீன் கார்டு வரிசையில் என் பெயர் இன்னும் கூப்பிடப்படவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத என் மகள், திரையில் தெரிந்த அந்த வெட்டெழுத்துகளை விரலால் தடவி, “வாட் டஸ் இட் சே?” என்றாள். என் பெயரையும் என் ஊரையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.