வெயிலில் போர்த்திய கம்பளி

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் சின்னமனூருக்கு மேலே எஸ்டேட் வேலைக்குப் போய், மலைக்காய்ச்சலோடு திரும்பியவர். அது வரும்போதெல்லாம் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். கம்பளியை இழுத்துப் போர்த்தி, மேலே சாய்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்வேன். வேர்த்துவிட்டால் காய்ச்சல் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் இதே கதைதான்.

மலையே வேண்டாம் என்று ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கீழே ரோட்டு வேலைக்கு வந்தோம். ஜல்லி உடைக்க வேண்டும். சித்திரை மாதம், கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. மேஸ்திரிக்கு மட்டும் வெயில் தெரியாது. அவன் கையில் குடை இருந்தது.

ஒரு மத்தியானம் அவர் சுத்தியலை நழுவவிட்டார். செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டு ஏதோ பேசினார். அப்படியே சரிந்தார். தொட்டால் கொதித்தது. பாழாய்ப்போன காய்ச்சல் இங்கேயும் வந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எங்கள் மூட்டைமுடிச்சு கிடந்த உடைமரத்தடிக்கு இழுத்துப் போய், கம்பளியைப் போர்த்தி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வேர்க்கட்டும், வேர்க்கட்டும் என்று காத்திருந்தேன். வேர்க்கவே இல்லை.

புது ரோட்டுக்குத் தண்ணீர் விடும் பீப்பாய் வண்டிக்காரர் அந்த வழியாக வந்தார். இறங்கி, கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“நடுக்கமே இல்லையே ஆத்தா. இது வெயில் அடிச்ச சூடு. கம்பளிய எடு, தண்ணி ஊத்தணும்.”

“காய்ச்சல்ல தண்ணி ஊத்துனா ஜன்னி கண்டுரும். ஆள் போயிருவாக. கிட்ட வராதீக.”

அவர் கம்பளியைப் பிடித்து இழுத்தார், நான் விடவில்லை. அவர் கையைக் கடித்துக்கூட வைத்தேன். இன்னும் இரண்டு பேர் வந்து என்னைப் பிடித்து விலக்கிய பிறகுதான் பீப்பாயைத் திறக்க முடிந்தது. தலை, அக்குள், தொடை எல்லாம் நனைத்துத் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாயும்போது கண் திறந்தார்.

பிழைத்தார். ஆனால் நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது, சுத்தியல் கையில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஒருத்திதான் கல் உடைத்தேன். உடம்பு அலுத்துப்போகும், மனசு அதற்கு முன்னாலேயே அலுத்துப்போயிருக்கும்.

அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. யாரோ பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் குழறிக் குழறிச் சொல்வார்: “அன்னைக்கு இவ என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒக்காரலன்னா நான் இல்ல.”

நான் அடுப்பைப் பார்த்தபடி இருப்பேன். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை.