இன்னும் எட்டு ஸ்டாப்

இரண்டு வருடத்துக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாலிநோக்கத்துக்கு ரோடு பிரிகிற விலக்குக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வம் கோயிலில் என் அக்கா மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்து. அக்கா இருந்தாள், அத்தான் இருந்தார், அத்தானின் அம்மாவும் அவர்கள் வீட்டு ஆட்களும் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். என் அய்யா, அம்மா, காது குத்தும் ஆசாரி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை என எல்லோரும் இருந்தார்கள். இல்லாதவன் ஒருவன்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், அதாவது நான். குழந்தையின் காதில் போட வேண்டிய தங்கத் தோடும் என்னிடம்தான் இருந்தது.

நான் அந்த நேரத்தில் முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஓடும் பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு சாயல்குடிப் பக்கம். அய்யாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று உப்புச் சுமக்கப் போனதால்தான் நான் படிக்க முடிந்தது. இப்போது கனடாவின் மேற்குக் கரையில் ஒரு கம்பெனியில் வேலை. அக்கா மகள் காதுகுத்துக்கென்றே பதினைந்து நாள் லீவில் வந்திருந்தேன். தாய்மாமன் சீராகத் தோடு வாங்கியது என் சம்பளத்தில்.

திங்கட்கிழமை வீடு வந்து சேர்ந்தேன். அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். விமானப் பயணம் முடிந்தாலும் உடம்பு ஊர் மாறவில்லை. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். காலை பத்தரை ஆனதும் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி விழுந்துவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு அப்படி ஒரு பசி எடுக்கும்.

அம்மா, "ஏலே, நடுராத்திரியில சோத்துப் பானைய உருட்டுற. பூனைன்னு நெனச்சுக் கம்ப எடுத்துட்டேன்" என்றாள். கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அத்தானின் அம்மா வேறு கேட்டார்: "அந்த ஊருல ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து என்னதான் செய்வாக? களவுக்கா போவாக?"

எனக்கு ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், இந்த உடம்பு எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது என்று ஒரே ஆச்சரியம். ஒரு நோட்டு போட்டேன். எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை மணிக்குப் பசி, எப்போது தலை கனக்கிறது என்று எல்லாம் எழுதினேன். ஒரு மணி நேர வித்தியாசம் சரியாவதற்கு ஒரு நாள் ஆகும் என்பார்கள். அந்தக் கணக்கில் என் லீவு முடிகிற நேரத்தில்தான் நான் ஊருக்கே வந்து சேருவேன்.

காதுகுத்துக்கு நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதில் தூங்கிவிடக் கூடாதே என்று முந்தின நாள் வியாழக்கிழமை பகல் முழுக்கப் படுக்காமல் பிடிவாதமாக அலைந்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கிவிடலாம் என்று எண்ணம். ராத்திரி படுத்தால் பொட்டுத் தூக்கம் இல்லை.

ராமநாதபுரத்தில் தோடு செய்த பத்தர் வேலையை அன்று ராத்திரிதான் முடித்தார். காலையில் போய் வாங்கி வரவேண்டும். அய்யா சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒன் கண்ணு ரெண்டும் மொளகாப்பழமா இருக்கு. நான் போயிட்டு வாரேன்" என்றார். நான் நோட்டைக் காட்டினேன். மூன்று நாளாகப் பத்தரைக்கு முன்னால் எனக்குத் தூக்கம் வந்ததே இல்லை. விடியுமுன் கிளம்பி, அங்கிருந்து ஏழு மணி பஸ் ஏறினால் எட்டேகாலுக்குக் கோயிலில் நிற்பேன். "படிச்ச பிள்ளை சொல்ற, சரி" என்று அய்யா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பத்தர் கொடுத்த சிவப்பு டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினேன். வாலிநோக்கம் விலக்குக்கு டிக்கெட் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் காற்று ஞாபகம் இருக்கிறது. ஒன்றரை நாள் தூங்காதவனுக்கு அந்த நோட்டில் நான் கட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை.

யாரோ முகத்தில் தெளித்த தண்ணீர் பட்டு விழித்தேன். பஸ் வேம்பாரில் நின்றுகொண்டிருந்தது. சாயல்குடியே தாண்டியாகிவிட்டது! கை தானாகப் பைக்குப் போனது. டப்பா இல்லை. பக்கத்தில் கைலி கட்டிய ஒருவர். நாற்பது வயது இருக்கும், சிவந்த கண். அவர் கைக்குள் சிவப்பாக என் டப்பா.

அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன். "ஏய், என் டப்பாவக் குடுய்யா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் கையை உதறவில்லை. விரித்துக் காட்டினார்.

"எண்ணிப் பாருங்க தம்பி. ரெண்டு தோடு, ரெண்டு திருகாணி."

கண்டக்டருக்குத்தான் கோபம் வந்தது. "யாருய்யா நீ? அவரு ஏர்வாடியில எறங்க வேண்டிய ஆளு. எழுப்பியும் எந்திரிக்காம நீ தோள்ல விழுந்து கெடக்க, ஒன் டப்பா கீழ உருண்டு கெடக்க, எடுத்து வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்காரு. விலக்குல நானே ஒன்ன உலுக்குனேன். கண்ணத் தொறந்து, 'இது இல்லண்ணே, இன்னும் எட்டு ஸ்டாப் இருக்கு'ன்னு தெளிவாச் சொன்ன. சொன்னியா இல்லையா?"

எட்டு ஸ்டாப் என்பது, கனடாவில் வேலை முடிந்து என் அறைக்குப் போகிற பஸ்ஸின் கணக்கு.

"அதுக்கு மேல டிக்கெட் எடுன்னா திரும்பப் படுத்துட்ட. ஒனக்கும் சேத்து அவருதான் எடுத்தாரு" என்றார் கண்டக்டர்.

நானும் அந்தக் கைலி கட்டிய அண்ணனும் இறங்கினோம். மணி ஒன்பதே கால். போனில் பதினேழு அழைப்புகள், சைலண்டில் போட்டிருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அண்ணன் அதற்குள் ரோட்டில் நின்று, ராமநாதபுரம் போகிற ஒரு மீன் வண்டியைக் கை காட்டி நிறுத்திவிட்டார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, பட்டுக்கரை வேட்டியோடு உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். டப்பாவைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாமே என்றும் கேட்டேன்.

"குடுக்கலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் நீங்க முழிச்சு ஒண்ணு கொறையுதுன்னா? பக்கத்துல ஒக்காந்தவன் எறங்கிப் போயிட்டான்னுதானே சொல்லுவீக. நான் இருக்கையிலயே கையப் பிடிச்சீகளே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவரும் ராத்திரி தூங்கவில்லையாம். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மாமியாருக்குத் துணை இருந்துவிட்டு வருகிறாராம். ஆனால் என் தூக்கத்தைப் பற்றித்தான் அவருக்கு அக்கறை. முழுதும் கேட்டுவிட்டு, "இப்ப அங்கன என்ன மணி?" என்றார்.

"நேத்து ராத்திரி ஒம்பதரை ஆகப் போகுதுண்ணே."

"நேத்தா! அப்ப ஆளு இன்னும் அங்கனதான் நிக்கிறீக. ஒடம்ப மட்டும் பார்சல்ல அனுப்பி வச்சிருக்காக."

விலக்கில் இறங்கும்போது பத்தேகால் தாண்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். "கரையில ஆளுக தேடும். நீங்க ஓடுங்க, பிள்ளை காத்துக்கிட்டிருக்கும்" என்று அதே வண்டியில் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை, நம்பர் வாங்கவில்லை.

கோயிலில் பெரியம்மா மகனைப் பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் கொடுக்காமல் நின்றாள். அத்தானின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது வாசல்வரை கேட்டது: "இவனும் தாய்மாமன் முறைதானே? ஒந்தம்பி மடி என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு?" அக்கா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "தூங்கிட்டியாடா?" என்று மட்டும் கேட்டுக் குழந்தையை என் மடியில் வைத்தாள். குழந்தை மீன் வாடையில் மூக்கைச் சுளித்தது. ஆசாரி குத்தினார். அது அழுத அழுகையில் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. ஆல்பத்தில் அடுத்த படத்தைப் பார்த்து இன்றும் சிரிப்பார்கள். அழுது ஓய்ந்த குழந்தையும் தூங்குகிறது, அதை அணைத்துக்கொண்டு நானும் தூங்குகிறேன். மணி சரியாகப் பத்தரையாகத்தான் இருந்திருக்கும்.

பத்தாவது நாள் ராத்திரி பத்து மணிக்குப் படுத்து விடிகாலை எழுந்தேன். உடம்பு ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தது. அன்றைக்கே ஏர்வாடிக் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில், கயிற்றைத் தோளில் போட்டபடி அவர் நின்றார்.

"வாங்க தம்பி, இன்னைக்கு ஆளு வந்துட்டாரா?" என்றார்.

பக்கத்தில் கயிறு பிடித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தத் தூங்குமூஞ்சி மாப்பிள்ளை இவுகதானா? இவன் கயித்துக்கு வராமப் போன அன்னைக்குத்தான் பெரிய மீன்பாடு. வலை நெறையச் சாளை. கயிறு இழுத்த ஆளுக்கு ஆயிரத்து நூத்தம்பது பங்கு. இவனுக்கு அது போச்சு."

"வாய மூடுடா" என்றார் அண்ணன். நான் நீட்டிய பணத்தில், எனக்கு எடுத்த டிக்கெட் காசு இருபத்தைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் பையிலேயே திணித்தார். மாமியார் தேறிவிட்டாராம். அக்கா கொடுத்துவிட்ட பலகாரத்தை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

இப்போதும் அறைக்குப் போகிற பஸ்ஸில், எட்டு ஸ்டாப் எண்ணும்போதெல்லாம், பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தூக்க நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. அதன் கடைசி வரியில், பஸ்ஸில் நான் தூங்கிய இரண்டு மணி நேரத்துக்கு எதிரே, எனக்காக விழித்திருந்தவர் அன்று இழந்ததை எழுதி வைத்திருக்கிறேன்: ரூபாய் ஆயிரத்து நூற்றைம்பது.