வெள்ளிக்கிழமைக் காது

குன்னார் டால்கோர் இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு தடவைகூட அசட்டு கேக் வாங்கியதில்லை. சொதப்பியவர் கேக் வாங்கி வைத்து, என்ன சொதப்பினோம் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது அந்த ஹெட்போன் கம்பெனியில் வழக்கம். தலைமைப் பொறுப்பில் இருக்கும் லிஸ்பெட்டே இரண்டு தடவை வாங்கியிருக்கிறாள். குன்னார் அத்தனை பேர் கேக்கையும் ருசி பார்த்து, கூடவே இரண்டு வார்த்தை புத்திமதியும் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைப்பார். மனுஷனுக்கு அவ்வளவு தலைக்கனம்.

அவர் வேலை அளப்பது. ஆர்ஹுஸ் நகரத்து ஓரத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், சத்தம் புகாத அறையில் ஒரு பொம்மைத் தலை உண்டு. ரப்பர் காது, காதுக்குள் மைக். ஊர் மேயரைப்போல எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்கும், எதுவும் செய்யாது என்பதால் அதற்கு ‘மேயர்’ என்று பெயர். மேயர் தலையில் ஹெட்போனை மாட்டி, கீழ்ஸ்தாயியிலிருந்து மேல்ஸ்தாயிவரை எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போடுவார் குன்னார். கழற்றி மறுபடி மாட்டுவார். ஐந்து தடவை. மற்றவர்கள் மாட்டினால் ஐந்து கோடும் ஐந்து திசையில் போகும். இவர் மாட்டினால் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். “கை அப்படி,” என்பார், கேட்காதவர்களிடமும்.

அந்த வாரம் மாரென் கதை முடிய இருந்தது. முப்பது வயது, தற்காலிக வேலை. பழைய மீன்வலையை உருக்கி நெய்த துணியில் காது மெத்தை செய்திருந்தாள். வழக்கமான தோல் மெத்தையா, அவளுடையதா என்று வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முடிவு. அவளுடையது தோற்றால் அவள் வேலையும் அதோடு சரி. குன்னார் அளவுப்படி அவள் மெத்தையில் கீழ்ஸ்தாயி, தோல் மெத்தையைவிட நாலு டெசிபெல் குறைவு. காது ஓரத்தில் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். இன்னொரு தடவை அளந்து பார்க்கச் சொல்லி அவள் கெஞ்சியிருந்தாள். வேண்டாத வேலை என்று நினைத்தாலும், தன் கை எப்பேர்ப்பட்டது என்பதை அவளுக்குக் காட்டத்தான் ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். குன்னாருக்கு வெண்ணெய் என்றால் கடித்த இடத்தில் பல் பதிய வேண்டும், அந்தக் கனத்துக்கு. அன்று இரண்டு ரொட்டி தின்றார். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார். ‘உணவுப் பொருளுக்கு அனுமதி இல்லை’ என்று அவரே எழுதி ஒட்டிய கதவைத் திறந்து, மாரெனின் மெத்தையை மேயருக்கு மாட்டினார்.

நாலு டெசிபெல் ஏறியிருந்தது. கழற்றி மாட்டினார். அதே கோடு. ஐந்து தடவையும் ஒன்றின்மேல் ஒன்று.

மைக்கைச் சோதித்தார், வயரை மாற்றினார், கணினியை அணைத்துப் போட்டார். அறையின் வெப்பத்தைப் பார்த்தார். காற்றழுத்தத்தின்மேல்கூடச் சந்தேகப்பட்டார். உலகத்தில் மீதமிருந்தது அவர் ஒருத்தர்தான், அவரை மட்டும் சந்தேகப்படவில்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடி மங்கலாக இருக்கிறதே என்று கழற்றிப் பார்த்தால், கண்ணாடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிசுக்கு.

மெதுவாகக் குனிந்து மேயரின் காதை மோந்தார். நம்ப முடியாமல் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். உப்பு வெண்ணெய்.

அந்த நேரம் பார்த்தா மாரென் கதவைத் திறக்க வேண்டும்?

“குன்னார்,” என்றாள். “நான் அப்புறமா வரேன்.”

அவள் போனதும் நோட்டைப் புரட்டினார். தோல் மெத்தை அளந்தது: போன வெள்ளி, காலை பத்து பத்து. மாரெனின் மெத்தை: செவ்வாய். வெண்ணெய் பட்ட காதில் மெத்தை பசைபோல ஒட்டி, கசிவை அடைத்திருக்கிறது. அதனால்தான் ஐந்து கோடும் அவ்வளவு ஒற்றுமை. கையாவது மண்ணாவது! ஐந்து தடவையும் ஒரே தப்பை வெகு சுத்தமாகச் செய்திருக்கிறார்.

காதைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையையும் கழுவி, இரண்டையும் மறுபடி அளந்தார். இரண்டுக்கும் அரை டெசிபெல்கூட வித்தியாசமில்லை. ‘கருவியில் சிறு கோளாறு, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினால் போதும், மாரெனும் பிழைப்பாள், இருபத்திரண்டு வருஷமும் பிழைக்கும். எழுதியும் விட்டார். கோளாறு என்ற சொல்லையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டின் பழைய பக்கங்களைத் திருப்பினார். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளிக்கிழமை அளவுகள் இருந்தன. எழுதியதை அடித்துவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்குக் கிளம்பினார்.

இரண்டு மணிக்கு மேஜை நடுவில் தேங்காய்ப்பூ போட்ட பெரிய கேக் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் இன்று மாட்டிக்கொண்டது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குன்னாரை யாரும் பார்க்கவில்லை. அவர் எழுந்து நின்று ரொட்டி, வெண்ணெய், கால்சட்டை, காது என்று ஒன்று விடாமல் சொன்னார். நக்கியதையும் சொன்னார். லிஸ்பெட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெத்தை விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. மாரெனுடையதே இருக்கட்டும் என்றாள் லிஸ்பெட்.

மாரென் மட்டும் சிரிக்கவில்லை.

“போன வருஷம் வேண்டாம்னு தள்ளினீங்களே, என்னோட முதல் மெத்தை. அதை என்னிக்கு அளந்தீங்க?”

“புதன்கிழமை. தோல் மெத்தையை வெள்ளிக்கிழமை,” என்றார். அந்தப் பக்கத்தில் பார்த்திருந்தார்.

“அதோட அச்சைக்கூட உருக்கிட்டாங்க.”

“தெரியும்மா. அதுக்கும் சேர்த்துத்தான் பெரிய கேக்கா வாங்கினேன். அது பத்தாதுன்னும் தெரியும்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் ஒரு துண்டு வெட்டித் தின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை குன்னார் வெறும் ரொட்டியை முள்கரண்டியால் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. மாரென் வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நல்லாத் தடவிச் சாப்பிடுங்க, குன்னார். இன்னிக்கு நான் அளக்கிறேன்.”