காரா, தறியா

டிராக் டே என்றால் போட்டி கிடையாது. ரேஸ் மைதானத்தை ஒருநாள் திறந்துவிடுவார்கள். சொந்தக் காரை ஆசைதீர ஓட்டிப் பார்க்கலாம். முதல் முறை போனபோது என் ஆசை இரண்டு சுற்றில் தீர்ந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. கொடி காட்டி ஓரம்கட்டச் சொன்னார்கள்.

"மேடம், வண்டி நேரா நிக்கல. பின்னாடி வர்றவங்களுக்கும் ஆபத்து. சரிபண்ணிட்டு வாங்க" என்றார் கொடி பிடித்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பக்கத்தில் பளபளவென்று நின்ற காரின் சொந்தக்காரர், "கோயிலுக்குப் போற வண்டிய இங்க கொண்டாந்துட்டாங்கபோல" என்று சிரித்தது வேறு காதில் விழுந்தது.

காஞ்சிபுரம் வந்து சேரும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் தறியில் இருந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னேன்: "அடுத்த மாசம் இன்னொரு தபா போறேன். அப்பவும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா கார வித்துடறேன். கொட்டகைய நீங்களே எடுத்துக்குங்க."

அவருக்கு அந்தக் கொட்டகை வேண்டும். ஒரு தறியில் நெய்து முடிக்க முடியாத அளவுக்குச் சேலை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது தறிக்கு மரமெல்லாம் தயார், போட இடம்தான் இல்லை. வீட்டை ஒட்டிய ஒரே கொட்டகையில் மூன்று வருடமாக என் பழைய கார் கால் நீட்டிப் படுத்திருந்தது. "சரிம்மா" என்றார், மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமலே. வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம்.

அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காருக்கு அடியில்தான் கிடந்தேன். பின்சீட்டைக் கழற்றினேன். பிரேக் ஆயிலை மாற்றினேன். பேட்டரி ஆடாமல் இருக்கப் பட்டை அடித்தேன். டவுனில் கொடுத்து அலைன்மென்ட் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டும் சரியாக இருக்கிறது என்று சீட்டு கொடுத்தார்கள். வாலாஜாபாத் சாலையில் ஓட்டினால் அது பாட்டுக்கு இடதுபக்கம் போனது.

ஒரகடத்துக் கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து தேறும், தேறாது என்று சொல்வதுதான் என் வேலை. இன்னொருவர் அளந்ததை நான் நம்புவேனா? நானே அளக்கிறேன் என்று கிளம்பினேன். சக்கரம் தரையைக் கவ்வாமல் தன் போக்கில் நிற்க, அடியில் இரண்டிரண்டு டைல்ஸ், நடுவில் கிரீஸ். காரின் இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, நீளவாக்கில் நைலான் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து சக்கரத்துக்கு ஸ்கேல் வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வந்தது. ஸ்கேலைத் தூக்கி எறிந்தேன்.

டிராக் டேக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தெருவில் பாவு நூலை நீட்டி முடித்துவிட்டு வந்தவர் கொட்டகையில் எட்டிப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவர் அந்தப் பக்கம் வந்ததே அபூர்வம்.

"இன்னா இது, கொசுவலைக்குக் கட்டன மாதிரி? நடுவுல தொங்கிக்கினு இருக்குது பாரு."

"தெரிஞ்சவங்க வந்து கட்டுங்களேன்" என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன்.

உள்ளே போய் மிச்சமிருந்த அரக்குப் பட்டு இழையைக் கொண்டுவந்தார். நான்கைச் சேர்த்து முறுக்கி, இரு பக்கத்து ஸ்டாண்டிலும் கட்டி, முனையில் செங்கல்லைத் தொங்கவிட்டார். என் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் இழை ஆடாமல் நின்றது. அளந்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் சரியாகத்தான் இருந்தன.

"பின்னாடி அளந்தியா?"

"பின்னாடி இன்னா இருக்குது? திருப்பறது முன்சக்கரம்தானே."

"துணி என் கைக்கிட்ட கோணலா வந்தா நான் அங்கயே இழுத்துப் பாத்துக்கினு இருக்க மாட்டேன்மா. பின்னாடி பாவு சுத்தன கட்டை நேரா இருக்குதான்னு போய்ப் பாப்பேன்."

ஸ்கேலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இழையிலிருந்து அளந்தால், சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். மறுபக்கமும் அதே நான்கு, எதிராக. பின் அச்சே கோணலாக நின்றது. கீழே புகுந்து, அச்சைப் பிடித்திருக்கும் இடதுபக்கக் கம்பியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் கம்பி கடகடவென்று ஆடியது. அதன் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது. ஊரார் பொருளையெல்லாம் அளக்கிற நான் என் காரின் முன்னால் பதினோரு முறை அளந்திருக்கிறேன், பின்னால் ஒருமுறைகூடப் போகவில்லை. வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

புது புஷ்ஷை வைஸ் இடுக்கியில் வைத்து நானே அழுத்திப் பொருத்தினேன். மறுபடி அளந்தபோது வித்தியாசம் பூஜ்யம்.

டிராக் டே அன்று அவரும் வந்தார். நேர்ப்பாதையின் கடைசியில், போன முறை மானம் போன அதே வளைவுக்கு முன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி நேராக நின்றது! ஹெல்மெட்டுக்குள் ஓவென்று கத்தினேன். அடுத்த சுற்றில் இன்னும் தள்ளிப் போய் மிதித்தேன், அதற்கடுத்ததில் இன்னும். கொடுத்த நேரம் முடியும்வரை ஓட்டினேன். பளபளப்புக் கார்க்காரர் ஒரு வளைவில் எனக்கு வழி விட்டார். கொடி பிடித்தவர் கட்டைவிரலை உயர்த்தினார். கம்பிவேலிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டு நின்றார். கோயில் திருவிழாவில் கூட அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது, மனதில் ஒரு வாரமாக உறுத்தியதைக் கேட்டேன்.

"நீங்க அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா கொட்டகை உங்களுக்கு வந்திருக்குமே?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோணலா இருக்கறது தெரிஞ்சும் எப்படிமா சும்மா இருக்கறது? தறிய ஹால்ல போட்டுக்கலாம். டிவிய உள்ள தள்ளிட்டா எடம் இருக்குது. நேத்தே அளந்துட்டேன்."

நேற்றே. நான் ஜெயிப்பேனா, தோற்பேனா என்று தெரிவதற்கு முன்பே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆளில்லாத சாலைதான், ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து முகத்தைத் துடைத்தேன். வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது.