கடைசி வீட்டுக்குக் குளிராத கார்

என் அக்கா ஜோதிலட்சுமியிடம் எதைச் சொன்னாலும் சொல்லலாம், 'அது அப்படித்தான்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. குடைந்து எடுத்துவிடுவாள். புகுந்த வீட்டில் அவளுக்குப் போலீஸ்காரி என்றே பெயர். ஜெயமங்கலத்தில் அவள் நடத்திய பட்டுப்புழு மையம் பேர் வாங்கியதும் அதே குணத்தால்தான்.

முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சுப் புழுவுக்குக் கொழுந்து இலையை நறுக்கிப் போட்டு வளர்ப்பாள். இரண்டாவது முறை தோலுரிக்கப் புழு அசையாமல் படுக்கும். அந்தத் தூக்கத்திலேயே தட்டோடு விவசாயிகளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். தூங்குகிற புழுவுக்கு ஈரம் ஆகாது, அதனால் மேலே சுண்ணாம்புத் தூள் தூவுவோம். வெக்கையும் ஆகாது, அதனால் ஏசி வைத்த பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கியிருந்தாள். பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் தட்டுகளை அடுக்குவோம். காரை ஓட்டியது நான். அக்காவிடம் டிரைவராக இருக்கும் தம்பிக்கு மரியாதை எதிர்பார்க்கிற உரிமை கிடையாது.

எங்கள் பாதையில் கடைசி வீடு மயிலாடும்பாறை கருத்தம்மாளுடையது. ஒற்றைப் பொம்பளை. மல்பெரித் தோட்டத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. 2005 மாசியில் அவளுக்குக் கொடுத்த புழு தூக்கம் கலைந்து ஒழுங்காக எழவில்லை. பாதி இலை தின்றது, பாதி துவண்டு கிடந்தது. கடைசியில் ஒரு கூடுகூடத் தேறவில்லை.

அக்கா நேரே போய், அந்த ஊர்ப் பட்டு விவசாயிகள் எல்லாரும் நிற்கும்போதே கேட்டுவிட்டாள்.

"மதினி, பக்கத்துக் கத்தரிக்கு மருந்து அடிச்சிருக்கீக. அந்த வாடைதேன் புழுவக் கொன்னிருக்கு."

"சத்தியமா அடிக்கல ஆத்தா."

"பின்ன மத்தவுக வீட்ல எல்லாம் நல்லா இருக்கே? உங்க வீட்ல மட்டும் எப்பிடிச் சாகும்?"

கருத்தம்மாள் காய்த்துக் கிடந்த கத்தரிச் செடியை மறுநாளே பிடுங்கிப் போட்டாள். ஆனால் பங்குனியில் கொடுத்த புழுவும் அதே மாதிரிப் போனது. "இன்னும் ஒரே தடவதேன். அதுவும் போச்சுன்னா மல்பெரிய உழுதுபோட்டு கூலிக்குப் போயிருவேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போனது. கத்தரி இல்லையென்றால் எது? இலையா, தண்ணீரா, புழு வீட்டுக் கூரையா? எல்லாவற்றையும் அலசிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தாள்.

"ஏலே தங்கப்பாண்டி, அந்தப் பக்கம் போறப்ப கார்ல ஏசி எப்பிடி இருக்கும்?"

"ஆண்டிபட்டி வரைக்கும் பல்லு கிட்டும். கடமலைக்குண்டு தாண்டுனா காத்து சுத்தமா வராது. மெஹராஜ் பாய்கிட்டயும் ரெண்டு தடவ காமிச்சிட்டேன். அவரு கடைக்குப் போனா நல்லாக் குளிருதே!"

பழனிசெட்டிபட்டியில் கார் ஏசிக்கு மெஹராஜ் பாயை விட்டால் ஆள் இல்லை. அக்காவே காரோடு போய் நின்றாள். கேஸ் அளந்து பார்த்தார், சரியாக இருந்தது. கம்ப்ரசரைப் பார்த்தார், அதுவும் சரி. "தங்கச்சி, வண்டி மேல குத்தமே இல்ல. வெயிலச் சொல்லுங்க" என்றார். அக்கா விடவில்லை. கடையில் குளிருகிற ஏசி ரோட்டில் ஏன் குளிரவில்லை என்று அவரைப் போட்டு வறுத்தெடுத்தாள். பாவம், மனிதர் டீ கொடுத்துப் பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை.

அடுத்த நாள் உச்சிவெயிலில் காலித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு மயிலாடும்பாறைக்குக் கிளம்பினோம். புழு வீட்டில் தொங்கும் வெப்பமானியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தட்டுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். தேனி தாண்டியது, குளிர்ந்தது. ஆண்டிபட்டியிலும் குளிர்ந்தது. அதற்கு மேல் காற்று கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கியது, அவள் கையிலிருந்த வெப்பமானி ஏறியது. ஃபேன் மட்டும் உள்ளே கத்திக்கொண்டிருந்தது. கடமலைக்குண்டு தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னாள்.

"ஃபேன் ஓடுது, காத்து வரல. அப்ப வழியில எதுவோ அடைக்குது" என்றாள்.

"இஞ்சின அணைச்சிட்டுக் கொஞ்ச நேரம் இருப்போம்" என்று இறங்கி, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏசித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டிய இடத்தில் ஒழுகலாக ஊற்றியது. உள்ளே ஐஸ் பிடித்திருந்தது என்று எனக்கே புரிந்தது. ஆனால் அக்கா அதைப் பார்க்கவில்லை. செம்மண்ணில் தண்ணீர் ஓடிக் காய்ந்த ஓரத்தைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நான் "ஐயோ, விஷமா இருக்கப் போகுது" என்று கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

கடைக்குத் திரும்பி வந்ததும், அக்கா சொன்னபடி மெஹராஜ் பாய் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த பெட்டியைக் கழற்றிப் பிரித்தார். காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் முழுக்க அப்பியிருந்தது சுண்ணாம்பு.

"என்ன தங்கச்சி, வீட்டுக்கு அடிக்கிறது பத்தாதுன்னு ஏசிக்கும் வெள்ளையடிச்சு வச்சிருக்கீக!"

விஷயம் இவ்வளவுதான். அந்த ஏசி காருக்குள் இருக்கும் காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுக்கும். தட்டில் தூவிய தூள் காற்றோடு போய் ஈரக் காயிலில் ஒட்டி, நாளாக ஆகப் பூச்சு மாதிரி இறுகியிருக்கிறது. காற்று போக வழியில்லாமல், ஓட ஓட அதன் மேல் ஐஸ் கட்டியிருக்கிறது. முதல் வீடுகளுக்குப் போகும்வரை தாங்கும். கடைசி வீட்டுக்கு வெந்த புழுதான் போகும். நிறுத்தினால் உருகிவிடும், கடையில் வந்து சமர்த்தாகக் குளிரும். எனக்கு இதைக் கேட்டு ஆச்சரியம் தாங்கவில்லை. கண்டுபிடித்தவள் முகத்தில்தான் ஈயாடவில்லை. சுண்ணாம்பைத் தாராளமாகத் தூவு தூவு என்று எங்களை விரட்டியதே அவள்தான்.

காயிலைக் கழுவி மாட்டியாயிற்று. சித்திரைப் புழு தூங்கப் படுத்ததும் தட்டுகளுக்கு மெல்லிய துணி கட்டி ஏற்றினோம். போகும் வழியில் நான் புத்தி சொன்னேன்.

"யக்கா, இந்தத் தடவ புழு நல்லா வந்துரும். பழசக் கிளறாத. கார்ல வச்சுக் கொன்னோம்னு தெரிஞ்சா எல்லாரும் வேற சென்டருக்குப் போயிருவாக."

"வாய மூடிட்டு ரோட்டப் பாருடா."

கருத்தம்மாள் வாசலில் இறங்கியதும் அக்கா சொல்லிவிட்டாள். "மதினி, உங்க புழுவக் கொன்னது என் காரு. உங்க மேல பழி போட்டது என் தப்பு." ஏசியைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தாள். கருத்தம்மாள் கை காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடில்ல சொன்ன? பூச்சி மருந்துக்காரின்னு எங்கூட யாரும் சரியாப் பேசுறதில்ல. இரு, கூப்புடுறேன்."

கூப்பிட்டாள். வந்தார்கள். அக்கா அந்த வெயிலில் நின்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். கூட்டத்தில் இரண்டு பேர், "அப்ப நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்" என்று முகத்தைத் திருப்பினார்கள்.

"போறவுக போங்க" என்றாள் கருத்தம்மாள். "இவ கண்டுபிடிச்சா, வந்து சொன்னா. நீங்க போற எடத்துல புழு செத்தா, எவன் வந்து சொல்லுவான்?"

அவள் என்னிடமிருந்து முதல் தட்டை வாங்கி, துணியை விலக்கி, புழுவின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"குளுந்துதேன் இருக்கு" என்றாள்.

அக்கா அழுதுவிட்டாள்.