ரீச்சர் பாடாத பத்துப் பாட்டுகள்

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஆனி மாதம், வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றில் பிள்ளையார் கோவில் கொடியேறிய அன்று காலை எனக்கு ஒரு போன் வந்தது. அதற்கு முன் நான் செய்துவைத்த காரியத்தைச் சொன்னால்தான் அந்தப் போன் உங்களுக்கு விளங்கும். இதில் யாருடைய பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. என்னுடைய பெயரைச் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்.

நான் பாட்டுக்கு இசை போடுகிறவன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் ஒலிப்பதிவு செய்கிறேன். சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை அடித்து, யன்னலை அடைத்து, ஒரு மைக், ஒரு கீபோர்ட், ஒரு கொம்பியூட்டர். பலாலி வீதியில் பஸ் ஹோர்ன் அடித்தால் பாடுகிறவர் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். அவ்வளவு பெரிய கூடம்!

ஒரு காலத்தில் அந்த அறைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கோவிலுக்கும் திருவிழாவுக்குத் திருவிழா புதுப் பாட்டு வேண்டும். முதலில் இறுவட்டு, பிறகு பென்ட்ரைவ், பிறகு யூடியூப். செலவு வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்களுடையது. எழுதுகிறவர், பாடுகிறவர், மிருதங்கம், வயலின் என்று ஒரு பாட்டில் ஐந்தாறு பேருக்குச் சாப்பாடு இருந்தது.

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. ஊர்ப் பெயரையும் சாமி பெயரையும் போனில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் பாட்டு வந்துவிடுகிறது. என்னிடம் ஓடர் தந்தவர்களே அப்படிச் செய்த பாட்டை வட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணை, இதைக் கொஞ்சம் துப்பரவாக்கித் தாங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்கள். மெசின் எங்கள் ஊர்ப் பெயர்களை உச்சரிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். அந்த உச்சரிப்பைத் திருத்திக் கொடுப்பதுதான் கொஞ்சக் காலம் என் பிழைப்பாக இருந்தது. மெசின் அதையும் பழகிக்கொண்ட பிறகு அந்த வேலையும் நின்றது. வாடகைக்கு மனைவியின் சம்பளத்தை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ரொறன்ரோவில் இருந்து ஒரு பெரியவர் கதைத்தார். பிள்ளையார் கோவிலுக்குப் புதுக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள், கொடியேற்றத்துக்குப் பத்துப் பாட்டு வேண்டும், பாட்டெல்லாம் எழுதி வைத்திருக்கிறது என்றார். ஒரேயொரு நிபந்தனை.

"தம்பி, அந்த ரீச்சர் பிள்ளைதான் பாடவேணும். எங்கடை ஊர்ப் பிள்ளை. வேறை ஆரும் வேண்டாம்."

அவர் சொன்ன ரீச்சர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவர். கோவிலுக்கு நாலாவது வீடு. ஒன்பது வருடமாக எனக்குப் பாடி வந்தவர். நாற்பது பாட்டாவது பாடியிருப்பார். பஸ்ஸில் வருவார், ஒரு மணித்தியாலம் பாடுவார், "முதல் வரியை மட்டும் இன்னொருக்காப் பாடட்டோ அண்ணை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் ஒரு என்வலப் கொடுப்பேன். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போவார். எங்களுக்கிடையே ஒரு கடதாசி எழுதியது கிடையாது. தேவை என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பெரியவர் கதைத்ததற்கு ஐந்து நாள் முன்னால் ரீச்சரின் அப்பா இறந்துபோயிருந்தார். செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன். அந்தத் துக்கத்துக்குள்ளும் ரீச்சர் என்னிடம் வந்து, "அண்ணை, ஏதும் பாட்டு வந்தால் குறை நினையாதேங்கோ. முப்பத்தொண்டு முடிய வாறன்" என்றார். துடக்கு வீடு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள் கோவில் வாசலை மிதிக்கக்கூடாது, சாமி பாட்டும் பாடக்கூடாது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பெரியவரிடம் சொன்னேன்.

"கொடி முப்பத்தொண்டுக்கு நிக்காது தம்பி" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப உதுக்கெல்லாம் கொம்பியூட்டரிலை வழி இருக்காமே. நான் ஒண்டும் கேக்கேல்லை, நீரும் ஒண்டும் சொல்லாதையும்" என்றார்.

வழி இருந்தது. ரீச்சரின் நாற்பது பாட்டும், இசை சேர்க்காத வெறும் குரலாக, என் கொம்பியூட்டரில் இருந்தன. ஒரு நாள் மத்தியானம் அவற்றை, குரலைப் படியெடுக்கும் ஒரு மென்பொருளுக்குள் போட்டேன். பின்னேரம் அது அவருடைய குரலைப் பழகி முடித்துவிட்டது. பிறகு மைக்குக்கு முன்னால் நின்று என் கட்டைக் குரலில் நானே பாடினேன். ஸ்பீக்கரில் ரீச்சர் பாடினார். வரி தொடங்குமுன் அவர் இழுக்கும் சின்ன மூச்சு, 'ழ' சொல்லும்போது வரும் குழைவு எல்லாம் வந்தன. சத்தத்தைக் குறைத்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. துடக்குக் கழிந்ததும் நேரே போய்ச் சொல்லி, வழமையான என்வலப்பைக் கொடுத்துவிடலாம், அவரும் சந்தோசப்படுவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ரீச்சரின் பெயரை மட்டும் போடவேண்டாம் என்று பெரியவரிடம் கேட்டேன். பெரியவரோ ரீச்சரின் பெயரோடு படத்தையும் போட்டு யூடியூப்பில் ஏற்றினார்.

கொடியேறிய அன்று காலை வந்த போன் ரீச்சருடையது. பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

"அண்ணை, கோவில்லை என்ரை குரலிலை பாட்டுப் போகுது. உதை நான் எப்ப பாடினனான்?"

"பழைய பாட்டாயிருக்கும் ரீச்சர்" என்றேன். என் வாயில் முதலில் வந்தது பொய்.

"பாட்டிலை கோபுரம் வருது அண்ணை. கோபுரம் போன மாசிதானே கட்டி முடிஞ்சது."

அவர் கத்தவில்லை. "அப்பா செத்து இண்டைக்குப் பதினெட்டு நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திருவிழா பத்து நாளும் அந்தப் பாட்டுகள் போயின. நிறுத்தச் சொல்லிப் பெரியவரிடம் கேட்டேன். "சனம் விரும்பிக் கேக்குது, பேசாமல் இரும்" என்றார். நானே கோவிலுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. மீதிக் காசு வரவேண்டியிருந்தது. அதைவிட, எல்லாருக்கும் முன்னால் நின்று சொல்லப் பயமாக இருந்தது. ஊரில் என்ன கதை போகிறதென்று மனைவிதான் அறிந்து வந்தார். தகப்பன் செத்த ஈரம் காயமுன் காசுக்காகப் பாடிவிட்டாள் என்கிறார்கள். துடக்கோடு பாடிய பாட்டைக் கோவிலில் போட்டதால் ஏதும் நடந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். கொள்ளி வைத்த ரீச்சரின் தமையன், அதே வளவுக்குள் இருந்துகொண்டு அவரோடு கதைப்பதில்லை.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை ஒரு வீட்டுக்குள்ளை இருந்து செத்துக்கொண்டிருக்குது. நீங்கள் இஞ்சை சோறு தின்னுறியள்" என்றார் மனைவி.

அடுத்த நாள் போனேன். கோவில் மடத்தில் நிர்வாகசபைக் கூட்டம். ரீச்சரின் தமையனும் அந்தச் சபையில் ஒருவர்; துடக்கென்றபடியால் உள்ளே வராமல் மடத்து வெளித் திண்ணையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாடியது நான், குரலை மாற்றியது மெசின், ரீச்சருக்கு எதுவுமே தெரியாது என்றேன். நம்பமாட்டார்கள் என்று நினைத்து லப்டொப்பையும் கொண்டுபோயிருந்தேன். அவர்களுக்கு முன்னாலேயே ஒரு வரி பாடினேன். ஐந்து நிமிடத்தில் அதே வரி ரீச்சரின் குரலில் வந்தது.

இனி ரீச்சருக்கு விடிவு வந்துவிடும் என்று நினைத்தேன்.

முதலில் கதைத்தவர் செயலாளர். "அப்ப வாற வருசத்துக்குக் காசு குடுத்து ஆரையும் பாடுவிக்கத் தேவையில்லைப் போலை" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து வந்து, தன்னுடைய குரலையும் அப்படி மாற்றலாமா என்று கேட்டார்.

தமையன் சிரிக்கவில்லை. "அவ தராமல் அவவின்ரை குரல் உம்மட்டை என்னெண்டு வந்தது?" என்று கேட்டார்.

"முந்திப் பாடினதுகளிலை இருந்து எடுத்தனான்."

"அப்ப தந்திருக்கிறா. காசும் வாங்கியிருக்கிறா. தந்தவ தந்தவதானே. துடக்குக்கு முந்தித் தந்தால் என்ன, பிறகு தந்தால் என்ன?"

நான் சொன்ன உண்மை அவரிடம் போய்ச் சேரும்போது இன்னொரு குற்றச்சாட்டாக மாறிவிட்டது. தங்கச்சி பாடினாள் என்ற கதை போய், தங்கச்சி குரலை விற்றுவிட்டாள் என்ற கதை வந்தது. முப்பத்தோராம் நாள் கிரியை வீட்டில் ரீச்சர் குசினிக்குள்ளேயே இருந்தாராம். சொந்தக்காரர் பலர் அவர் கையால் தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்கவில்லையாம்.

பாட்டுகளை எடுக்கச் சொல்லி யூடியூப்புக்கு எழுதினேன். நீங்கள் உரிமையாளர் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு, என்னோடு படித்து இப்போது சட்டத்தரணியாக இருக்கிற ஒருவனிடம் போனேன்.

"பாடின பாட்டுக்குப் பாடினவைக்கு உரிமை இருக்கு மச்சான்" என்றான். "பாடாத பாட்டுக்கு என்னெண்டு கேக்கிறது? எழுத்திலை ஏதும் வச்சிருக்கிறியோ?"

"இல்லை."

"ஒன்பது வருசம், நாப்பது பாட்டு. ஒரு துண்டுக் கடதாசி இல்லையோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கேட்டுப் பாக்கலாம். ஆனால் வழக்கெண்டு போனால் முதலாம் எதிராளி ஆர் தெரியுமோ? நீதான்."

அதையும் செய்வோம் என்று ரீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். என் பெயரில் வழக்குப் போடுங்கள், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பத்து மணியளவில், அவரே வந்தார். வழமைபோல பஸ்ஸில்தான். நன்றாக மெலிந்திருந்தார். நான் என்வலப்பை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வையில் என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"என்ரை பாட்டெல்லாத்தையும் அழியுங்கோ அண்ணை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு பாட்டின் பெயரும் திரையில் வந்து மறைந்தது. ஒன்று, அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் பாடியது. இன்னொன்று, மின்சாரம் போய் மூன்று தரம் திரும்பத் திரும்பப் பாடியது. அப்படி நாற்பது. கடைசியில் அவர் குரலைப் பழகிய அந்தக் கோப்பையும் அழித்தேன்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் ரீச்சர். ஆனால் வெளியிலை..."

"எனக்குத் தெரியும். வெளியிலை போனதை ஒருத்தராலும் ஒண்டும் செய்யேலாது. உங்களிட்டை இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

எழுந்து போய்விட்டார். மன்னிப்புக் கேட்க நினைத்து வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே கிடந்தன. கேட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ரீச்சர் எங்கும் பாடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக் கொடுக்கிறார், அதோடு சரி. அவர் பாடுவதை நிறுத்தினாலும் அவர் குரல் நிற்கவில்லை. அடுத்த வருடத் திருவிழாக் காலத்தில் வேறு இரண்டு கோவில்களில் அந்தக் குரலில் புதுப் பாட்டுகள் கேட்டன. செய்தது நான் இல்லை. யூடியூப்பில் கிடந்த அந்தப் பத்துப் பாட்டிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை, யாரும் ஒரு சதம் கொடுக்கவும் இல்லை. ரீச்சருக்கு இப்போது நல்ல ஓட்டம், கோவிலுக்குக் கோவில் பாட்டு என்று சந்தையில் ஒருவர் என்னிடமே சொன்னார். அது ரீச்சர் பாடியது இல்லை என்று விளக்கத் தொடங்கினேன். கேட்டவர் பாதியிலேயே தேங்காய் வாங்கப் போய்விட்டார்.

இப்போது என்னிடம் எப்போதாவது பாட வருகிறவர்களுக்கு ஒரு கடதாசி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைக்கிறோம். இந்தக் குரலை இந்தப் பாட்டுக்கு மட்டுமே பாவிப்பேன், வேறு பாட்டு உண்டாக்கமாட்டேன், பாட்டால் வருமானம் வந்தால் பங்கு தருவேன் என்று அதில் இருக்கும். போன மாதம் தெல்லிப்பழையில் இருந்து வந்த ஒரு தங்கச்சி அதை வாசித்துவிட்டு, "நீங்கள் செய்யமாட்டியள், சரி. பாட்டைக் கேக்கிற வேறை ஆரும் செய்தால்?" என்று கேட்டார். அதைத் தடுக்க இந்தக் கடதாசியால் முடியாது என்றேன். அவர் கையெழுத்து வைத்துப் பாடிவிட்டுத்தான் போனார். கிடைத்த பணம் அவருக்குத் தேவையாக இருந்தது.

ஒருவருடைய குரலை எடுப்பதற்கு எனக்கு அரை நாள் போதுமாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் கிடையாது என்பதை, புதிதாக ஒருவர் என் மைக்குக்கு முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் உணர்கிறேன்.